உத்தரத்தை விட்டுவிட்டுக் குழாயை நகர்த்துங்கள்: மாடிக் குளியலறை கேள்வி பதில்

மாடியில் குளியலறை போடுபவர்கள், ஷவர் தண்ணீர் போகும் குழாயை மரச் சட்டத்துக்கும் கான்கிரீட் பீமுக்கும் இடிக்காமல் எப்படிக் கொண்டுபோவது என்று கேட்டிருந்தீர்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கீழக்கரையிலிருந்து: காக்கா, எங்கள் வீடு பழைய மெட்ராஸ் டெரஸ், மரச் சட்டங்களின் மேல் செங்கல் தளம் போட்டது. உம்மாவுக்கு மாடி அறையோடு சேர்த்து ஒரு குளியலறை போட வேண்டும். தேக்குச் சட்டங்கள் ஒன்றரை அடிக்கு ஒன்றாகப் போகின்றன. இரண்டு சட்டத்தை அடிப்பக்கம் ஒன்றரை அங்குலம் கொத்திக் குழாயைப் பதித்துவிடலாம் என்கிறார் பிளம்பர். சரிதானா?

வேண்டாம் தம்பி, உளியை வைக்கவே விடாதீர்கள். பாரம் ஏறும்போது சட்டத்தின் மேல்பக்கம் நசுங்கும், அடிப்பக்கம் இழுபடும். பலம் முழுக்க அந்த இரண்டு விளிம்பில்தான் இருக்கிறது. 6 அங்குலச் சட்டத்தில் ஒன்றரை அங்குலம் போனால் கால் பங்குதானே போகிறது என்று தோன்றும். ஆனால் பலம் உயரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 4.5 அங்குலம் மிஞ்சினால் பலத்தில் பாதிக்குச் சற்று மேல்தான் மிஞ்சும். கொத்திய மூலையிலிருந்து மரம் நார்வாக்கில் பிளக்கவும் தொடங்கும்.

தளத்தை உடைத்து இரண்டு சட்டத்துக்கு நடுவே ட்ராப்பை, அதாவது தரைத் தண்ணீர் வடிந்து கொஞ்சம் தேங்கி நிற்கும் நஹானிக் கிண்ணத்தை, இறக்குவதும் எனக்குச் சம்மதமில்லை. மெட்ராஸ் டெரஸில் செங்கல்லைக் குத்துவாட்டில் நிறுத்தி, கோணலாக ஒன்றை ஒன்று தாங்கும்படி சுண்ணாம்பில் கட்டியிருப்பார்கள். நடுவில் பத்துக் கல்லை எடுத்தால் பக்கத்துக் கல்லும் பிடி விடும்.

நல்ல வழி, தளத்தைத் தொடாமல் குளியலறையை மட்டும் ஒரு படி உயர்த்துவது. நஹானி ட்ராப்பை வெளிச்சுவரை ஒட்டி வையுங்கள். அங்கிருந்து குழாய் சுவரைத் துளைத்து நேராக வெளியே இறங்கட்டும். குழாய்க்கு வாட்டம் அடிக்குக் கால் அங்குலம். ட்ராப் 5 அங்குல உயரம், குழாய் 3 அடி ஓடுகிறது என்றால் 6 அங்குலத்துக்குள் முடியும். அதற்கு மேல் டைல்ஸும் சாந்தும். ட்ராப் அறையின் உள்மூலையில்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் தரை இன்னும் ஏறும். உம்மா ஏறி இறங்கும் படி அது, அதனால் சுவர் ஓரமே இருக்கட்டும். பிடித்துக்கொள்ள ஒரு கம்பியும் போடுங்கள்.

அப்புறம் பாரம். உயர்த்திய இடத்தைக் கொத்தனார் செங்கல் ஜல்லியால் நிரப்பப் பார்ப்பார். 6 அங்குல நிரப்பு சதுர அடிக்குச் சுமார் 25 கிலோ வரும். 5க்கு 6 அறை என்றால் 750 கிலோ, அதுவும் பழைய சட்டத்தின் மேல். அதற்குப் பதிலாக ஏஏசி என்கிற, காற்றுக் குமிழி நிறைந்த லேசுக் கல்லை அடுக்குங்கள், மூன்றில் ஒரு பங்குதான் எடை. இதற்கெல்லாம் முன்னால் சட்டம் சுவருக்குள் நுழையும் இடத்தை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். நல்ல தேக்கு முனையைத் திருப்பி அனுப்பும். செல் அரித்ததோ ஈரத்தில் உளுத்ததோ சத்தமில்லாமல் உள்ளே வாங்கும். ஒரு சட்டம் அப்படி வாங்கினாலும் வேலையை நிறுத்திவிட்டு இன்ஜினியரைக் கூப்பிடுங்கள்.

மண்டபத்திலிருந்து: அண்ணே, கான்கிரீட் தளம் போட்டு முடித்துவிட்டோம். ஷவர் தண்ணீர் இறங்கும் இடம் பீமுக்கு நேர் மேலே வருகிறது. பீமில் ஓரமாகத் துளை போடலாமா?

பீமை விடுங்கள், துளையை ஒரு அடி தள்ளி ஸ்லாபில் போடுங்கள். ஷவர் நிற்கும் இடத்திலேயே ட்ராப் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை, தரை வாட்டம் தண்ணீரைக் கொண்டுவந்து சேர்க்கும். ஸ்லாபிலும் சுத்தியல் உளி வேண்டாம். கம்பி எங்கே போகிறது என்று பார்த்துக் வட்டமாக அறுத்தெடுக்கும் கோர் கட்டிங் மெஷினால் போடுங்கள். நம் கடற்கரையில் இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. கம்பி வெளியே தெரிந்தால் உப்புக் காற்று விடாது. துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். உள்ளேயிருந்து கான்கிரீட்டைத் தள்ளி வெடிக்க வைக்கும். குழாயைச் சுற்றிய இடைவெளியைச் காய்ந்தாலும் சுருங்காத கிரவுட் சாந்தால் அடையுங்கள். வெறும் சிமெண்ட் பால் ஊற்றினால் விரிசல் விடும்.

ஸ்லாபுக்கு அடியில் 75 மில்லிமீட்டர் எஸ்டபிள்யூஆர் (கழிவுநீர், மழைநீருக்கான பிவிசி) குழாயைத் தொங்கவிட்டு, பீமுக்குக் கீழாக வளைத்து ஃபால்ஸ் சீலிங்கில் மறைக்கலாம்.

நியூஜெர்சியிலிருந்து, சொந்த ஊர் தேவிபட்டினம்: இங்கே வீடே மரம். ஷவர் குழாய் 2 அங்குலம், தளத்தைத் தாங்கும் ஜாயிஸ்ட் சட்டம் 2க்கு 10 அங்குலம். துளை போடலாமா?

அறுத்த மரத்தில் போடலாம், ஆனால் எல்லை உண்டு. அங்குள்ள குடியிருப்புக் கட்டட விதிப்படி துளை ஜாயிஸ்ட் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் 2 அங்குலமாவது விட வேண்டும். 2க்கு 10 என்று விற்பதன் உண்மையான உயரம் 9.25 அங்குலம். ஆகவே 3 அங்குலத் துளை வரை இடமிருக்கிறது, உங்கள் குழாய்க்கு இரண்டரை போதும். வாட்டத்தை மறக்காதீர்கள். 16 அங்குலத்துக்கு ஒரு ஜாயிஸ்ட் என்றால் ஒவ்வொரு துளையும் முந்தையதைவிட மூன்றில் ஒரு அங்குலம் தாழ வேண்டும். கணக்குப் போட்டால் ஒன்பது ஜாயிஸ்டைத் தாண்டினால் விளிம்பு எல்லை வந்துவிடும். முடிந்தவரை ஜாயிஸ்டுக்கு இணையாகவே குழாயை ஓட்டுங்கள். விளிம்பை வெட்டிப் பள்ளம் எடுப்பதை நடு மூன்றில் ஒரு பங்கு நீளத்தில் விதியே தடுக்கிறது. ட்ராப் சரியாக ஜாயிஸ்ட் மேல் விழுந்தால், வடிகால் ஓரமாக அமைந்த ஷவர் தட்டு கிடைக்கிறது, அதை வாங்குங்கள். உங்களுடையது ஐ வடிவ ஜாயிஸ்ட் என்றால் இந்த அளவு எதுவும் பொருந்தாது, தயாரித்தவர் தந்த அட்டவணைதான் விதி.

ராமேசுவரத்திலிருந்து: தம்பி, வடிகால் வாயை மூட ஸ்டீல் ஜாலி என்று வாங்கிப் போட்டதும் புள்ளி புள்ளியாகத் துருப்பிடிக்கிறதே?

ஐயா, அது ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் 304 ரகமாக இருக்கும். 316 என்று கேட்டு வாங்குங்கள், அதில் மாலிப்டினம் என்ற உலோகம் சேர்த்திருப்பதால் உப்பை நன்றாகத் தாங்கும். தொங்கும் குழாயின் கிளாம்புக்கும் இதே கவனம் வேண்டும்.

தொண்டியிலிருந்து: அண்ணே, ஊருக்கு வந்து கதவைத் திறந்தால் குளியலறையிலிருந்து நாற்றம் அடிக்கிறது. குழாய் உடைந்திருக்குமா?

உடைந்திருக்க வேண்டியதில்லை தங்கச்சி. மாதக்கணக்கில் பூட்டிய வீட்டில் ட்ராப்பில் நிற்கும் தண்ணீர் காய்ந்துபோகும், காற்றும் கரப்பானும் வழி கண்டுபிடிக்கும். ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். கிளம்பும்போது தண்ணீர் நிரப்பி, மேலே இரண்டு கரண்டி மினரல் ஆயில் விட்டுப் போனால் சீக்கிரம் காயாது.

மீண்டும் கீழக்கரைத் தம்பி: டைல்ஸ் ஒட்டும் முன் ஒழுகுகிறதா என்று எப்படிப் பார்ப்பது?

வாட்டர் புரூஃபிங் காய்ந்த பிறகு ட்ராப் வாயை அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டுங்கள். சுவரில் பென்சிலால் கோடு போட்டு 24 மணி நேரம் விடுங்கள். மறுநாள் கீழ் அறையிலிருந்து டார்ச் அடித்து, சட்டங்களுக்கு இடையே கல் கறுத்திருக்கிறதா என்று பாருங்கள். கறுத்திருந்தால் டைல்ஸ்காரரை அடுத்த வாரம் வரச் சொல்லுங்கள்.