தோள் இறுகிப்போனால் இழுக்கக் கொடுக்காதீர்கள்

கேள்வி: எனக்கு 52 வயது. முக்கூடலில் பீடி சுற்றுகிறேன். 8 வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. 5 மாதமாக இடது தோளில் வலி. சடை போடக் கை எட்டவில்லை, ராத்திரி அந்தப் பக்கம் சாய்ந்து படுக்க முடியவில்லை. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லையாம். எண்ணெய் போட்டு இழுத்துவிட்டால் சரியாகும் என்கிறார்கள். போகலாமா?

பதில்: போகாதீர்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் ‘ஃப்ரோசன் ஷோல்டர்’ போல இருக்கிறது. தோள் மூட்டைச் சுற்றியிருக்கும் உறை புண்பட்டு, தடித்து, சுருங்கிவிடும். எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும், உறை தெரியாது. சர்க்கரை உள்ளவர்களுக்கு இது அதிகம் வரும்.

முழங்கையை மடக்கி விலாவோடு ஒட்டி வைத்து, முன்கையை வெளிப்பக்கம் திருப்பிப் பாருங்கள். வீட்டில் ஒருவர் மெதுவாகத் திருப்பினாலும் போகவில்லையா? அப்படியானால் உறைதான் இறுகியிருக்கிறது. நீங்கள் தூக்கினால் வராத கை அடுத்தவர் தூக்கினால் எளிதாக வந்தால், அது தசைநார்ப் பிரச்சினையாக இருக்கலாம். எதுவானாலும் எலும்பு டாக்டரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள்.

தூக்கம் கெடுகிற அளவுக்கு வலி இருப்பதால் நீங்கள் இன்னும் முதல் கட்டத்தில் இருக்கிறீர்கள். இப்போது இழுத்தால் புண்பட்ட உறை இன்னும் கொதிக்கும். இந்தக் கட்டத்தில் மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி நல்ல பலன் தரும். ஆனால் சில நாள் சர்க்கரை ஏறும், டாக்டரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

வீட்டில் இதைச் செய்யுங்கள். 15 நிமிடம் வெந்நீர் ஒத்தடம். அப்புறம் வலது கையை மேசையில் ஊன்றிக் குனிந்து, இடது கையைத் தொங்க விடுங்கள். உடம்பை ஆட்டினால் கை தானாக ஊஞ்சல் போல ஆடும். தோளால் ஆட்டக் கூடாது. பழகிய பிறகு கையில் ஒரு சின்னச் செம்பில் அரைவாசி தண்ணீர் வைத்துக்கொள்ளலாம். இடது கை விரல்களைச் சுவரில் மெல்ல மெல்ல மேலே ஏற்றுங்கள், எட்டிய இடத்தில் கரியால் ஒரு கோடு போடுங்கள். பயிற்சி முடிந்து அரை மணி நேரத்தில் வலி அடங்கினால் சரி. ராத்திரித் தூக்கம் கெட்டால் மறுநாள் பாதியாகக் குறையுங்கள்.

வலி தணிந்து இறுக்கம் மட்டும் மிஞ்சும்போதுதான் பிசியோதெரபிஸ்ட் மூட்டைக் கையால் பிடித்து நன்றாக நெகிழ்த்துவார். படித்துறையில் துண்டை முதுகுக்குப் பின்னால் பிடித்துத் துவட்டுவோமே, அதே பயிற்சியும் அப்போதுதான். ‘கரண்ட் வைக்க வந்தேன்’ என்று வருகிறவர்கள் உண்டு. மெஷின் வலியைக் கொஞ்சம் தணிக்கும், அவ்வளவுதான். கையை நகர்த்தாமல் தோள் திறக்காது.

பீடி சுற்றுவதை நிறுத்த வேண்டாம். மணிக்கு ஒரு தடவை சுளகை இறக்கி வைத்துவிட்டுக் கையை ஆட்டுங்கள். 10 நாளில் குணம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள், முழுக்கச் சரியாக ஒன்று முதல் மூன்று வருடம்கூட ஆகலாம்.

இடது தோள் என்பதால் ஒன்று: கையை அசைக்காமல் இருக்கும்போதோ நடக்கும்போதோ வலி வந்து நெஞ்சு இறுகி வியர்த்தால், பயிற்சி, ஒத்தடம் என்று உட்காராமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போய் இசிஜி எடுங்கள்.