விடுமுறை நாட்களில் பிள்ளைகளுக்கு மதியச் சோறு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பள்ளிக்கூடம் மூடியிருக்கும் ஏப்ரல், ஆகஸ்ட், டிசெம்பர் மாதங்களில் கொழும்பின் கோயில் மண்டபங்களிலும் சனசமூக நிலையங்களிலும் பிள்ளைகளுக்கு மதிய உணவு கொடுப்பவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

ஆகஸ்ட் விடுமுறையில் 60 பிள்ளைகளுக்குச் சமைக்கப் போகிறோம். 5 வயதிலிருந்து 15 வயது வரை இருக்கிறார்கள். எதை எவ்வளவு வாங்குவது? (வாசகி, மட்டக்குளி)

தலைக்கு இவ்வளவு என்று ஒரே கணக்குப் போட்டால் சின்னவர்கள் கொட்டுவார்கள், பெரியவர்களுக்குக் காணாது. வயதைப் பிரித்துக் கணக்கெடுங்கள். 5 முதல் 7 வயதுப் பிள்ளைக்கு 70 கிராம் அரிசி, 8 முதல் 11 வயதுக்கு 90 கிராம், அதற்கு மேல் 120 கிராம். 20, 25, 15 பேர் என்று வைத்தால் ஏறக்குறைய ஐந்தரைக் கிலோ வரும். சமைப்பவர்களும் பரிமாறுபவர்களும் ஐந்து பேர் சாப்பிட வேண்டும், ஆகவே 6 கிலோ. அதை ஒரே கிடாரத்தில் போடாதீர்கள். அடி குழைந்து மேல் வேகாமல் நிற்கும். மூன்று மூன்று கிலோவாக இரண்டு பாத்திரங்களில் வையுங்கள்.

மைசூர்ப் பருப்பு 2 கிலோ. துப்புரவாக்கிய மரக்கறி தலைக்கு 80 கிராம் என்றால் 5 கிலோவுக்குச் சற்று மேல். பூசணிக்காய் என்றால் தோலும் விதையும் போகும் என்பதால் 7 கிலோ வாங்க வேண்டும். ஆய்ந்த கீரை ஒன்றரைக் கிலோ. முட்டை 65 வாங்குங்கள், வரும் வழியிலேயே இரண்டு மூன்று உடையும். தேங்காய் ஐந்து: பருப்புக்கு இரண்டு, மரக்கறிக்கு இரண்டு, கீரை வறைக்கு ஒன்று. அயடீன் கலந்த உப்பு எல்லாக் கறிக்கும் சேர்த்து 130 கிராம் போதும். அதை அளந்து ஒரு கிண்ணத்தில் எடுத்துவைத்து அதிலிருந்து மட்டும் போடுங்கள். மூன்று பேர் மாறி மாறி உப்புப் போட்ட கறியைத் திருத்த வழியில்லை.

காசு குறையும்போது முதலில் முட்டையையும் மீனையும் வெட்டுவதுதான் பொதுவாக நடக்கிறது. அதைச் செய்யாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறோம். பல பிள்ளைகளுக்கு வீட்டில் சோறு எப்படியோ கிடைத்துவிடும், கிடைக்காதது இந்த முட்டைதான். அப்பளம், மோர்மிளகாய், இனிப்பு ஆகியவற்றை நிறுத்துங்கள். அப்படியும் முட்டை கட்டாத நாளில் சோயாமீற் தலைக்கு 15 கிராம் வீதம் 65 பேருக்கு ஒரு கிலோ எடுங்கள். கொதிநீரில் பத்து நிமிடம் ஊறவிட்டு, பிழிந்து, நல்ல தண்ணீரில் இன்னொரு முறை அலசிப் பிழிய வேண்டும். ஒரு முறையோடு விட்டால் அந்தப் பச்சை மணம் போகாது, பிள்ளைகள் ஒதுக்கிவிடுவார்கள்.

காலை 6 மணிக்கே சமையலை முடித்து மூடிவைத்தோம். 12.30க்குத் திறந்தபோது பருப்பில் நுரை, புளித்த மணம். சோறு நன்றாக இருந்ததால் அதை மட்டும் கொடுத்தோம். அன்றிரவு சில பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம். பாத்திரங்கள் சுத்தமாகத்தான் இருந்தன. எங்கே பிழை? (வாசகர், கொட்டாஞ்சேனை)

பிழை நேரத்தில். எந்த நாளில் எந்த உணவு காரணம் என்பதை மருத்துவப் பரிசோதனையில்தான் உறுதியாகச் சொல்லலாம், ஆனால் நீங்கள் சொல்லும் முறையில் சமைத்தால் இப்படி நடப்பதற்கு எல்லா வாய்ப்பும் உண்டு.

5 பாகை செல்சியசுக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட சூட்டில் கிருமிகள் பெருகும். பெரிய கிடாரத்தில் மூடிவைத்த சோறு சட்டென்று ஆறாது, சூடாகவும் நிற்காது. நடுப்பகுதி மணிக்கணக்காக 30, 40 பாகையில் கிடக்கும். அரிசியில் இயல்பாகவே இருக்கும் பசிலஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிரின் வித்துகள் கொதியிலும் சாகாமல் தப்பி, இந்த இளஞ்சூட்டில் முளைத்து நஞ்சைச் சுரக்கின்றன. வாந்தியை உண்டாக்கும் நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் அழிவதில்லை. இதில் மோசமானது, சோறு மணக்காது, நூல் விடாது, நிறம் மாறாது. பருப்பு தேங்காய்ப்பால் சேர்ந்ததால் புளித்துக் காட்டிக்கொடுத்தது, சோறு காட்டிக்கொடுக்கவில்லை. மணத்தையும் ருசியையும் நம்பித் தீர்மானிக்க முடியாது என்பதற்காகத்தான் கடிகாரத்தைப் பார்க்கச் சொல்கிறோம்.

பரிமாறும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். 12.30க்குச் சோறு என்றால், அடுப்பிலிருந்து இறக்கும் வேலை 11.30க்கு முன் முடியக்கூடாது. 8.30க்குக் கழுவுதலும் நறுக்குதலும். முட்டையை 11 மணிக்கு அவித்து, கோதோடு வைத்து, 11.45க்குக் கை கழுவிய பின் உரியுங்கள். 10.15க்குப் பருப்பை வெறும் தண்ணீரில் மஞ்சள் போட்டு அவிய வையுங்கள், தேங்காய்ப்பாலை 11.30க்கு ஊற்றி, ஒரு கொதி வந்ததும் இறக்குங்கள். அரிசி இரண்டு அடுப்புகளில் 10.45க்கு ஏற வேண்டும். கீரை கடைசியில். சம்பல் போடுவதானால் பரிமாறுவதற்கு அரை மணி நேரத்துக்குள் மட்டும், ஏனென்றால் அது கைபட்ட பச்சைத் தேங்காய்.

இறக்கிய உணவைச் சூடாக வைத்திருக்க வழியில்லாவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்து முடிக்க வேண்டும். வேறு இடத்துக்கு முச்சக்கர வண்டியில் கொண்டுபோகிறீர்கள் என்றால் வெப்பம் காக்கும் பெட்டியைக் கொதிநீரால் ஒரு முறை சூடாக்கி, நீரைக் கொட்டிவிட்டு, உணவை நிறைய அடையுங்கள். பாதிப் பெட்டி சீக்கிரம் ஆறும். குத்திப் பார்க்கும் சமையல் வெப்பமானி ஒன்று வாங்குங்கள். உணவின் நடுவில் குத்தி, 60 பாகைக்குக் குறையாமல் இருக்கிறதா என்று பார்த்து, நேரத்தோடு கொப்பியில் எழுதுங்கள். ஐஸ் கட்டியும் தண்ணீரும் கலந்த கோப்பையில் விட்டால் அது 0 காட்ட வேண்டும், காட்டாவிட்டால் மாற்றிவிடுங்கள்.

அருகிலுள்ள மண்டபத்தில் உதவிக்குப் போக விருப்பம். தெரிந்துகொள்ள வேண்டியது என்ன? (வாசகி, வெள்ளவத்தை)

உங்களுக்கு வயிற்றோட்டமோ வாந்தியோ வந்திருந்தால் நின்று 48 மணி நேரம் ஆகும்வரை சமையல் பக்கம் போகாதீர்கள். ஆள் பற்றாக்குறை என்று யார் கெஞ்சினாலும் இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். விரலில் வெட்டுக்காயமோ சீழ்க்கட்டியோ இருந்தால் பிளாஸ்டர் ஒட்டிக் கையுறை போட்டுக்கொண்டு அரிசி சுமப்பது, பெயர் எழுதுவது போன்ற வேலையை எடுங்கள். காயத்திலிருந்து உணவுக்குப் போகும் ஸ்டெபிலோகொக்கஸ் கிருமியின் நஞ்சும் சூட்டுக்கு அழியாது. மோதிரம், வளையல், கைக்கடிகாரம் வீட்டில் இருக்கட்டும்.

வேலை தொடங்க முன் அந்தப் பகுதியின் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவித்தார்களா என்று அமைப்பாளர்களைக் கேளுங்கள். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் இலவச உணவு என்பதற்காகச் சுத்தக் குறைவைப் பொறுத்துக்கொள்ளாது. பரிசோதகர் வந்து இடத்தைப் பார்த்துச் சொல்லும் திருத்தங்கள் உங்களுக்கே உதவி.

அடுப்பைச் சுற்றி இரண்டு மீற்றருக்குள் பிள்ளைகள் வராதபடி வாங்கு போட்டு மறியுங்கள். கொதிகஞ்சி பட்டால் ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் பிடிக்க வேண்டும். பற்பசையோ நெய்யோ பூசக்கூடாது. பெரிய காயம் என்றால் 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் கட்டணமின்றி வரும்.

சூரை மீன் குழம்பு கொடுத்த அன்று நாலைந்து பிள்ளைகளுக்கு முகம் சிவந்து உடம்பெல்லாம் கடி. மீன் ஒவ்வாமையா? (வாசகர், கிராண்ட்பாஸ்)

ஒரே நேரத்தில் பலருக்கு வந்தால் பெரும்பாலும் ஒவ்வாமை அல்ல. சூரை, கும்பளா, சாளை போன்ற மீன்கள் பிடித்தபின் ஐஸில் இல்லாமல் கிடந்தால் சதையில் ஹிஸ்டமின் சேரும். சாப்பிட்டுச் சில நிமிடங்களிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் முகச்சிவப்பு, கடி, தலையிடி வரும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது. மூச்சு முட்டினால் தாமதிக்காமல் வைத்தியசாலை.

ஐஸ் பெட்டி இல்லாத சமையலறைக்குப் பச்சை மீன் வேண்டாம் என்பது எங்கள் கருத்து. நெத்தலிக் கருவாடு தலைக்கு 10 கிராம்: தலை கிள்ளி, சுடுநீரில் ஊறவிட்டு, மூன்று தண்ணீரில் கழுவி, உப்புச் சேர்க்காமல் சமையுங்கள். அல்லது 425 கிராம் ரின் மீன் பத்துப் பிள்ளைகளுக்கு ஒன்று. முள்ளை எறியாமல் மசித்துவிடுங்கள், சுண்ணச்சத்து அதில்தான். ரின்னை உடைத்ததும் முழுவதையும் சமைத்துவிட வேண்டும்.

மீனுக்கும் முட்டைக்கும் தனிச் சட்டி, தனி அகப்பை வையுங்கள். ஒரே பந்தியில் சைவப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் பௌத்த, கிறிஸ்தவப் பிள்ளைகளும் இருக்கும் ஊர் இது. சோறு, பருப்பு, மரக்கறி, கீரை எல்லோருக்கும் பொதுவாக இருக்கட்டும். வெள்ளிக்கிழமையில் சைவச் சாப்பாடு கேட்பவர்களுக்குக் கடலையோ பயறோ அவித்துவையுங்கள். அதே நாள் ஜும்மா முடிந்து பிந்தி வரும் பையன்களின் பங்கை ஆறவிடாமல் அடுப்போரம் வைக்க மறக்காதீர்கள்.

கீரையைத் தொடவே மாட்டேன் என்கிறார்கள். (வாசகி, தெமட்டகொடை)

கசப்பதால் தொடுவதில்லை. முருங்கையிலையும் வல்லாரையும் மூடிவைத்து நெடுநேரம் வேகவிட்டால் கசக்கும், கறுக்கும். பொடியாக அரிந்து, மூடாமல், மூன்று நான்கு நிமிடத்தில் இறக்கித் தேங்காய்ப்பூவும் தேசிக்காய்ப் புளியும் சேருங்கள். தேசிப்புளி இரும்புச்சத்தை உடம்பில் சேர்க்க உதவும். சாப்பாட்டோடு பிளேன்ரீ கொடுத்தால் அது அந்தச் சத்தைத் தடுக்கும். ஒரு மணி நேரம் கழியட்டும். சின்னவர்களுக்கு மிளகாய்த்தூள் போடுமுன் ஒரு பங்கு கறியை எடுத்துவையுங்கள். முதல் வாரம் ஒரு கரண்டி போதும், திணிக்காதீர்கள்.

அமெரிக்காவிலுள்ள என் மகள் கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுக்கும் அரசுத் திட்டத்தில் வேலை செய்கிறாள். அங்கே எப்படி நடத்துகிறார்கள்? (வாசகர், பம்பலப்பிட்டி)

அந்நாட்டு விவசாயத் திணைக்களத்தின் கோடைக்கால உணவுச் சேவை 1968இல் சோதனையாகத் தொடங்கி 1975இல் தனித் திட்டமானது. 18 வயதும் அதற்குக் குறைந்தவர்களும் சாப்பிடலாம். வறுமை அதிகமுள்ள பகுதிகளின் திறந்த நிலையங்களில் பெயர் பதியாமலே கொடுப்பார்கள். மதிய உணவில் ஒரு கப் பால், இரண்டு வகையாவது சேர்ந்து முக்கால் கப் மரக்கறி அல்லது பழம், ஒரு பங்கு தானியம், 2 அவுன்ஸ் இறைச்சி அல்லது அதற்கு ஈடானது இருக்க வேண்டும்.

நாம் எடுத்துக்கொள்ளக்கூடியது அவர்களுடைய எண்ணிக்கை முறை. தட்டு பிள்ளையின் கைக்குப் போகும் அந்தக் கணத்தில் ஒரு கோடு போடுகிறார்கள், முடிந்தபின் குத்துமதிப்பாக எழுதுவதில்லை. ஒரு வாரம் இப்படிக் கோடு போட்டால் எந்த நாளில் எத்தனை பேர் வருகிறார்கள் என்று தெரிந்துவிடும், சமையலும் அளவாகும்.

மிஞ்சிய சோற்றைப் பெற்றோரிடம் கொடுத்துவிடலாமா? (வாசகி, கொம்பனித்தெரு)

இறக்கி இரண்டு மணி நேரம் ஆகாத, பந்தியில் வைக்காத உணவைக் கொடுக்கலாம், உடனே சாப்பிடச் சொல்லி. நாளைக்கு என்று எடுத்துவைக்க வேண்டாம், புதுச் சோற்றில் பழையதைக் கலக்கவும் வேண்டாம். பாத்திரம் அவர்களே கொண்டுவரட்டும். பொலித்தீன் லஞ்ச் சீற்றும் றெஜிபோம் பெட்டியும் 2017 முதல் தடை.

பணம் தருபவர்கள் பிள்ளைகள் சாப்பிடும் படம் கேட்கிறார்கள். (வாசகர், ஜிந்துப்பிட்டி)

முகம் தெரியும் படம் அனுப்பாதீர்கள். தட்டேந்திய தன் படம் முகநூலில் வந்ததைப் பள்ளித் தோழர்கள் பார்த்துவிட்டால் அந்தப் பிள்ளை மறுநாள் வராது, பசியோடு வீட்டில் இருந்துவிடும். கோடு போட்ட கொப்பியின் பக்கம், பொருட்களின் பற்றுச்சீட்டு, கிடாரத்தில் வெந்த சோறு, அன்றைய உணவு விவரம் ஆகிய நான்கையும் வாரா வாரம் அனுப்புங்கள். பணம் எங்கே போனது என்பதற்கு முகங்களைவிட அவை தெளிவான சாட்சி. அப்படியும் முகம்தான் வேண்டும் என்பவரிடம், பிள்ளைகளின் படம் எடுப்பதில்லை என்ற விதியை எழுத்தில் காட்டுங்கள். அதனால்தான் முதல் நாளே அந்த விதியை எழுதி மண்டபச் சுவரில் ஒட்டிவிடச் சொல்கிறோம்.