ஜப்பானிய வரலாறும் பண்பாடும் தெரிந்துகொள்ள எங்கிருந்து தொடங்கலாம்?

நாரா, ஹெய்யான், கமகுரா, எடோ, மெய்ஜி என்று காலங்களின் பெயரை மனப்பாடம் செய்து தொடங்காதீர்கள். நாலு நாளில் குழம்பிவிடும். நான் உள்ளே போன வாசல் ஹிரகானா என்ற ஜப்பானிய ஒலியெழுத்து. உங்களுக்கும் அதையே சொல்வேன்.

ஜப்பானியருக்கு முதலில் சொந்த எழுத்து இல்லை. சீன எழுத்து கொரியா வழியாக வந்து சேர்ந்தது. ஆனால் சீனச் சொற்கள் உருவம் மாறாதவை. ஜப்பானிய மொழியிலோ, தமிழ் மாதிரியே, வேற்றுமையும் காலமும் சொல்லின் கடைசியில் ஒட்டும். அதை எப்படி எழுதுவது? பொருளை விட்டுவிட்டு ஒலிக்காக மட்டும் சில சீன எழுத்துகளை எடுத்துக்கொண்டார்கள். கூரைக்கடியில் ஒரு பெண், அதுதான் 'அமைதி' என்ற எழுத்து, ஓசை 'அன்'. தூரிகையில் வேகமாக எழுத எழுத, கூரை ஒரு கோடாகவும் பெண் ஒரு சுழியாகவும் கரைந்து ஹிரகானா 'அ' ஆகிவிட்டது.

794-இல் தலைநகர் இன்றைய கியோட்டோவுக்கு வந்தது. அரசவை ஆண்கள் அலுவலுக்குச் சீனத்தில் எழுதினார்கள். இந்தப் புது எழுத்துக்குப் 'பெண் கை' என்றே பெயர். அந்தக் கையால்தான் 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முரசாகி ஷிகிபு என்ற பெண் 54 அத்தியாயங்களில் 'கெஞ்சியின் கதை' என்ற நாவலை எழுதினார். அவருடைய சொந்தப் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. 'முரசாகி' அந்தக் கதையில் வரும் ஒரு பெண். 'ஷிகிபு' அவர் தந்தை வேலை பார்த்த துறை. இவ்வளவு பெரிய எழுத்தாளரின் பெயர் தொலைந்துபோனது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

அப்புறம் சாமுராய்களின் காலம். அதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். 1543-இல் போர்த்துகீசியர் தனேகஷிமா தீவில் துப்பாக்கியோடு இறங்கினார்கள். ரொட்டிக்கு ஜப்பானியர் சொல்லும் 'பன்' அவர்கள் கொடுத்த சொல். இலங்கைத் தமிழரின் 'பாண்' அதே சொல்தான். 1639-இல் அவர்களைத் துரத்தியபின், 200 ஆண்டுகளுக்கு மேல் ஐரோப்பியரில் டச்சுக்காரருக்கு மட்டுமே அனுமதி, அதுவும் நாகசாகியில் தெஜிமா என்ற குட்டித் தீவுக்குள். 'பீரு', 'கராசு' (கண்ணாடி) எல்லாம் அவர்கள் வழி வந்தவை. இப்படி வந்த சொற்களை இன்று கதகானா என்ற தனி எழுத்தில் எழுதுகிறார்கள்.

சரி, 46 ஹிரகானாவையும் ஒரு வாரத்தில் கற்றுவிடலாம். அ, இ, உ, எ, ஒ என்றுதான் தொடங்கும்; பிறகு க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. பௌத்தத் துறவிகள் சமஸ்கிருத எழுத்து படித்ததால் அமைந்த வரிசை இது. தமிழ் அரிச்சுவடி படித்தவருக்கு மனதில் பதியத் தனியாகப் பாடுபட வேண்டியதில்லை.