ஐந்து தந்தி பேஞ்சோவில் முதல் மெட்டு: கிளாஹாமர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, வணக்கம். அமெரிக்காவிலிருந்து வந்த என் அண்ணன் ஐந்து தந்தி பேஞ்சோ ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். எனக்கு இசைப் பயிற்சி கிடையாது. நகத்தால் தந்தியைக் கீழ்நோக்கி அடித்து வாசிக்கும் கிளாஹாமர் முறையில் முதலில் எந்த மெட்டைக் கற்கலாம்? தந்திகளை எப்படிச் சுருதி சேர்ப்பது?

பதில்: வணக்கம். ‘பாயில் தெம் கேபேஜ் டவுன்’ என்னும் மெட்டில் தொடங்குங்கள். அமெரிக்கத் தென்மாநிலங்களில் தலைமுறை தலைமுறையாக வாசிக்கப்பட்டுவரும் இந்த எளிய மெட்டு நான்கே சுரங்களுக்குள் அடங்கிவிடும் என்பதால், இடக்கைக்கு வேலை மிகக் குறைவு. கவனம் முழுவதையும் வலக்கைக்குக் கொடுக்கலாம். தொடக்கத்தில் அதுதான் தேவை.

முதலில் சுருதி. கருவியை மடியில் வைத்துப் பிடித்தால் தரைக்கு அருகில் இருப்பது முதல் தந்தி. உங்கள் முகத்துக்கு அருகில், கழுத்தின் குறுக்கே பதித்த கம்பிகளான ஃப்ரெட்டுகளில் ஐந்தாவதிலிருந்து தொடங்கும் குட்டையான தந்தி ஐந்தாவது. மேற்கத்திய சுரப்பெயர்களில் நான்காம் தந்தியை டி, மூன்றாவதை ஜி, இரண்டாவதை பி, முதல் தந்தியை மேல் டி என்று சுருதி காட்டும் டியூனரைப் பார்த்துச் சேர்த்துக்கொண்டு, ஐந்தாவதை மூன்றாம் தந்தியின் ஜிக்கு ஒரு ஸ்தாயி மேலுள்ள ஜியில் வையுங்கள். இதற்கு ‘ஓப்பன் ஜி’ என்று பெயர். எந்தத் தந்தியையும் அழுத்தாமல் மொத்தமாகத் தடவினாலே ஜி கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரத்தொகுதி) ஒலிக்கும்.

இனி மெட்டு. இரண்டாம் தந்தியை அழுத்தாமல் மீட்டினால் பி; அதன் முதல் ஃப்ரெட்டில் சி; மூன்றாம் தந்தியின் இரண்டாம் ஃப்ரெட்டில் ஏ; அதே தந்தியை அழுத்தாமல் விட்டால் ஜி. இந்த நான்கையும் பி பி, சி சி, பி பி, ஏ ஏ என்று முதல் பாதியாகவும், பி பி, சி சி, பி ஏ, ஜி ஜி என்று மறுபாதியாகவும் வாசித்தால் மெட்டின் எலும்புக்கூடு கிடைத்துவிடும். மொத்தம் 16 சுரங்கள். ஒவ்வொன்றுக்கும் வலக்கையின் ஒரு முழு ‘பம்-டிட்டி’, அதாவது கிளாஹாமரின் அடிப்படை அடி. சுரத்தை முதலில் வாயால் பாடுங்கள், பிறகு விரலுக்குக் கொண்டுவாருங்கள். பாட வராத மெட்டைக் கையும் வாசிக்காது.

கேள்வி: அந்த ‘பம்-டிட்டி’யில்தான் எனக்குச் சிக்கல். கட்டைவிரல் தந்தியைத் தேடிக்கொண்டே இருக்கிறது, சில வேளை ஒலியே எழுவதில்லை. வலக்கை உண்மையில் என்ன செய்ய வேண்டும் என்று விளக்கமாகச் சொல்ல முடியுமா?

பதில்: இதை விளக்கமாகச் சொல்வதற்காகவே இந்தக் கேள்வி பதிலுக்கு ஒப்புக்கொண்டேன் என்று சொல்லலாம்; கற்கத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் இடறுவது இங்கேதான். கையை ஒரு சிறு எலுமிச்சம்பழத்தைத் தளர்வாகப் பிடித்ததுபோல மடக்கிக்கொள்ளுங்கள். ஆள்காட்டி விரலோ நடுவிரலோ, எது உங்களுக்கு இயல்பாக வருகிறதோ அதன் நகத்தின் முதுகுப்பக்கம் தந்தியை மேலிருந்து கீழ்நோக்கி அடிக்க வேண்டும். விரல் தனியாகச் சுண்டக் கூடாது. விரலின் வளைவு மாறாமல் இருக்க, மணிக்கட்டும் முன்கையும் சேர்ந்து கையைக் கீழே இறக்க வேண்டும்.

அந்த அடி விழும் அதே கணத்தில் கட்டைவிரல் ஐந்தாம் தந்தியின் மேல் வந்து அமர வேண்டும். தேடிப்போய் அமர்வதன்று, கை இறங்கும்போது அதுவும் கூடவே இறங்கி அங்கே நிற்கும். இது ‘பம்’. இரண்டாவதாக, கை மீண்டும் இறங்கி அதே நகத்தால் மூன்றாம் தந்தி முதல் முதலாம் தந்தி வரை லேசாகத் தடவுகிறது. கட்டைவிரல் மறுபடியும் ஐந்தாம் தந்தியில் அமர்கிறது. இது ‘டிட்’. பிறகு கை மேலே எழும்போது, அமர்ந்திருந்த கட்டைவிரல் தந்தியை விட்டு விலகுகிறது. விலகும் அந்த அசைவிலேயே ஐந்தாம் தந்தி ஒலித்துவிடும். இது ‘டி’. ஆக, கட்டைவிரல் இரண்டு முறை அமர்கிறது, ஒரு முறைதான் ஒலிக்கிறது. ‘பம்’மின்போது அமர வேண்டியதில்லை என்று விட்டுவிடுகிறவர்களுக்குத்தான் ‘டி’யின்போது கட்டைவிரல் தந்தியைத் தேட வேண்டியிருக்கிறது.

கால அளவைச் சொற்கட்டால் சொன்னால் நம்மவர்களுக்கு எளிது. சதுச்ர நடையில் ‘தாம் தகி’: தாமுக்கு இரண்டு மாத்திரை, தவுக்கு ஒன்று, கிக்கு ஒன்று. மூன்றையும் சம அளவாக்கித் திச்ரமாக வாசித்துவிடுகிற பழக்கம் பலருக்கு வருகிறது. அதை முதல் வாரத்திலேயே திருத்திக்கொள்ளுங்கள். தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டு என்று வைத்து, ஒரு தட்டுக்குத் தாம், மறு தட்டுக்குத் தகி என்று, எந்த மெட்டும் இல்லாமல் மூன்றாம் தந்தியை மட்டும் அடித்துப் பழகுங்கள். மெட்டில் சுரம் தவறினாலும் கை நிற்கக் கூடாது. தவறான சுரத்தைக் கேட்பவர் மறந்துவிடுவார். நின்றுபோன நடையை யாரும் மறக்கமாட்டார்கள்.

கேள்வி: ஏ சுரம் வரும் இடத்தில் டி கார்டு பிடிக்கச் சொல்கிறார்கள். அப்போதும் ஐந்தாம் தந்தி ஜி என்றே ஒலிக்கிறது. அது பொருந்தாமல் கேட்கிறதே, அந்த இடத்தில் அதை விட்டுவிடலாமா?

பதில்: விட வேண்டாம். கார்டு எதுவானாலும் ஐந்தாம் தந்தி தன் சுரத்திலேயே நிற்பதுதான் இந்த இசையின் சுவை. டி கார்டின்மேல் அந்த ஜி உரசும் சில கணங்கள், அடுத்து வரும் பியை வீடு திரும்பியதாக உணரவைக்கின்றன. கார்டுகளைப் பொறுத்தவரை, சி வரும்போது இரண்டாம் தந்தியின் முதல் ஃப்ரெட்டோடு முதல் தந்தியின் இரண்டாம் ஃப்ரெட்டையும் நான்காம் தந்தியின் இரண்டாம் ஃப்ரெட்டையும் பிடியுங்கள். ஏ வரும்போது மூன்றாம் தந்தியின் இரண்டாம் ஃப்ரெட்டோடு இரண்டாம் தந்தியின் முதல் ஃப்ரெட்டையும் பிடித்தால் டி கார்டின் ஒரு வகையான டி7 கிடைக்கும். தொடக்கத்தில் இவை கைக்கு வராவிட்டால் மெட்டுக்குரிய விரலை மட்டும் வைத்து வாசித்தாலும் குற்றமில்லை.

கேள்வி: நான் சிறு வயது முதல் வீணை வாசிப்பவள். அந்தப் பழக்கம் இதற்கு உதவுமா, இடையூறாகுமா?

பதில்: இரண்டும்தான், அம்மா. நகத்தால் தந்தியைக் கீழ்நோக்கி மீட்டுவதும், பக்கத் தந்திகள் மாறாத சுருதியோடு நடுநடுவே ஒலிப்பதும் உங்களுக்கு ஏற்கெனவே காதிலும் கையிலும் இருப்பவை. மற்றவர்களுக்குப் புதிராக இருக்கும் ஐந்தாம் தந்தி உங்களுக்கு உடனே பிடிபடும். ஆனால் வீணையில் தாளத் தந்திகளை மீட்டும் சுண்டுவிரல் தனக்கென்று ஓர் அசைவு கொண்டது. இங்கே கட்டைவிரலுக்குத் தனி அசைவு இல்லை. கை முழுவதும் இறங்கி ஏறுவதன் ஒரு பகுதியாகத்தான் அது ஒலிக்கிறது. இடக்கையில், தந்தியை இழுத்துக் கமகம் கொடுக்கும் பழக்கத்தைச் சற்றே ஒதுக்கிவையுங்கள். இந்த மெட்டுகளுக்கு நேரான சுரமே அழகு. சுரத்துக்குச் சுரம் வழுக்கும் ஜாரு மட்டும் தாராளமாகப் பயன்படும். வட கரோலினாவின் சர்ரி மாவட்டத்தில் ரவுண்ட் பீக் என்னும் பகுதியைச் சேர்ந்த ஃபிரெட் காக்கர்ஹம் ஃப்ரெட்டே இல்லாத பேஞ்சோவில் வாசித்த பதிவுகளைக் கேளுங்கள். சுரத்திலிருந்து சுரத்துக்கு அவர் வழுக்கிச் செல்வது வீணைக் காதுக்கு மிகவும் நெருக்கமாக இருக்கும்.

கேள்வி: புளூகிராஸ் என்னும் அமெரிக்க இசை வகையை வாசிப்பவர்கள் விரல்களில் தந்தி மீட்டும் உலோகப் பிக்குகளை மாட்டிக்கொள்கிறார்களே, நானும் வாங்கலாமா?

பதில்: வேண்டாம். ஏர்ல் ஸ்க்ரக்ஸ் 1940களில் புகழ்பெறச் செய்த மூன்று விரல் முறை தந்தியை மேல்நோக்கி இழுத்து மீட்டுவது. அதற்கான பிக்குகள் கீழ்நோக்கி அடிக்கும் இந்த முறைக்குப் பொருந்தா. நகம் அடிக்கடி உடைகிறது என்றால் ஒட்டு நகம் வைத்துக்கொள்ளலாம். டேபிள் டென்னிஸ் பந்திலிருந்து நக வடிவில் ஒரு துண்டை வெட்டி ஒட்டிக்கொள்கிறவர்களும் உண்டு, ஒலி நன்றாகவே இருக்கும்.

கேள்வி: பேஞ்சோ ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது என்று படித்தேன். மலைப்பகுதி வெள்ளையர்களின் இசைக்கருவி என்றுதான் இதுவரை எண்ணியிருந்தேன். எது சரி?

பதில்: நீங்கள் படித்ததுதான் சரி. மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல், காம்பியா, கினி-பிசாவ் நாடுகளில் வாழும் ஜோலா மக்களிடம் அகொன்டிங் என்ற கருவி இன்றும் இருக்கிறது. சுரைக்குடுக்கையின்மேல் தோல் போர்த்தி, இரண்டு நீண்ட தந்திகளும் கட்டைவிரலுக்கென ஒரு குட்டைத் தந்தியும் பூட்டிய அந்தக் கருவியை, விரல் நகத்தால் கீழ்நோக்கி அடித்தே வாசிக்கிறார்கள். காம்பியாவைச் சேர்ந்த டேனியல் ஜட்டா என்ற ஆய்வாளரின் உழைப்பால்தான் அது பேஞ்சோ உலகின் கவனத்துக்கு வந்தது. அடிமைகளாகக் கடல் கடத்தப்பட்ட ஆப்பிரிக்கர்கள், இத்தகைய கருவிகளின் நினைவோடு கரீபியத் தீவுகளிலும் வட அமெரிக்காவிலும் செய்துகொண்ட சுரைக்குடுக்கைக் கருவிகளே பேஞ்சோவின் தொடக்கம். 19ஆம் நூற்றாண்டின் நடுவில், முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பின மக்களை இழிவாக நடித்துக்காட்டிய வெள்ளையர் குழுக்கள் அதை மேடைக்குக் கொண்டுபோயின. 1855இல் வெளிவந்த பிரிக்ஸின் பேஞ்சோ பயிற்சி நூலில் காணப்படும் அடிமுறை, இன்று நாம் வாசிக்கும் கிளாஹாமருக்கு மிக நெருங்கியது.

கறுப்பினக் கலைஞர்கள் பிற்காலத்திலும் இதை விட்டுவிடவில்லை. அவர்களைப் பதிவு செய்யவும் பேசவும்தான் ஆளில்லாமல் போனது. வட கரோலினாவின் ஃபிடில் (வயலின்) கலைஞர் ஜோ தாம்சன் (1918–2012), பேஞ்சோ வாசித்த தம் உறவினர் ஒடெல் தாம்சனோடு சேர்ந்து குடும்ப மரபைக் காத்துவந்தார். அவரிடம் கற்ற இளைஞர்கள்தான் கரோலினா சாக்லேட் டிராப்ஸ் குழுவினர். அவர்களுக்கு 2011இல் கிராமி விருது கிடைத்தது. அக்குழுவில் இருந்த ரியானன் கிடென்ஸ் வாசிக்கும் பழைய மாதிரி பேஞ்சோவின் ஆழ்ந்த ஒலியை நீங்கள் அவசியம் கேட்க வேண்டும். உங்கள் நகம் தந்தியில் விழும் விதம் யாருடைய கைகளிலிருந்து வந்தது என்பது அப்போது புரியும்.

கேள்வி: டேப்லேச்சர் பார்த்துக் கற்பது நல்லதா, கேட்டுக் கற்பது நல்லதா?

பதில்: கேட்டுக் கற்பது. டேப்லேச்சர் எந்தத் தந்தி, எந்த ஃப்ரெட் என்று காட்டும். ஒரு மெட்டு எங்கே அழுத்தம் பெறுகிறது, எங்கே மூச்சு விடுகிறது என்பதைக் காட்டாது. ஓர் இடம் விளங்கவே இல்லை என்றால் எடுத்துப் பாருங்கள், விளங்கியதும் மூடிவையுங்கள்.

கேள்வி: எலும்புக்கூடு தடையில்லாமல் வந்துவிட்டது. அடுத்து என்ன சேர்க்கலாம்? ட்ராப் தம்ப் கற்கலாமா?

பதில்: ட்ராப் தம்ப், அதாவது கட்டைவிரலை உள் தந்திகளுக்கு இறக்கி வாசிப்பது, இன்னும் சில மாதங்கள் காத்திருக்கட்டும். முதலில் ஹேமர்-ஆன் பழகுங்கள். ஏ வரும் இடத்தில் மூன்றாம் தந்தியை அழுத்தாமல் அடித்து, ‘பம்’மின் பாதியில் இடக்கை நடுவிரலை இரண்டாம் ஃப்ரெட்டில் விரைந்து ஊன்றினால், ஜியிலிருந்து ஏ தானாகப் பிறக்கும். அடுத்து, முதல் பி சுரத்துக்குப் பதிலாக மூன்றாம் தந்தியை இரண்டாம் ஃப்ரெட்டில் அடித்து நான்காம் ஃப்ரெட்டுக்கு வழுக்குங்கள். அதுவும் பிதான், ஆனால் நிறம் வேறு. ஒரு சுற்றில் ஒரே ஓர் அலங்காரம் போதும். எல்லா இடத்திலும் போட்டால் மெட்டு காணாமற்போகும்.

கேள்வி: கடற்கரை ஊரில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறேன். சுருதி நிற்பதில்லை, ஃப்ரெட்டுகளில் மேலே போகப்போக அபஸ்வரமாகிறது, பக்கத்து வீட்டாருக்கும் சத்தம் போகிறது.

பதில்: மேலே போனால் அபஸ்வரமாவதற்குப் பெரும்பாலும் முகத்தின்மேல் தந்திகளைத் தாங்கி நிற்கும் பிரிட்ஜ் இடம் மாறியிருப்பதே காரணம். பேஞ்சோவின் பிரிட்ஜ் ஒட்டப்படுவதில்லை, தந்திகளின் அழுத்தத்தில்தான் நிற்கிறது. முதல் தந்தியின் 12ஆம் ஃப்ரெட்டுக்கு நேர்மேலே விரலால் லேசாகத் தொட்டு மீட்டினால் மணி போன்ற ஒலி வரும். பிறகு அதே ஃப்ரெட்டில் அழுத்தி மீட்டுங்கள். அழுத்திய சுரம் கூடுதலாக இருந்தால் பிரிட்ஜை ஃப்ரெட்டுகளிலிருந்து சற்றே விலக்குங்கள், குறைவாக இருந்தால் நெருக்குங்கள். ஈரக்காற்றில் தளர்வது தோல் முகம். உங்களுடையது மைலார் என்னும் பிளாஸ்டிக் முகமாக இருந்தால் அந்தக் கவலை அவ்வளவாக இல்லை, பழைய தந்திகளை மாற்றினாலே பாதி சரியாகும். சத்தத்துக்கு, திறந்த பின்புறம் கொண்ட பேஞ்சோவாக இருந்தால், முகத்துக்கும் உள்ளே செல்லும் கம்பிக்கும் இடையில் ஒரு பழைய காலுறையைச் செருகுங்கள். ஒலி தாழும், இனிமையும் கூடும். அமைதியான வீட்டில் இருப்பவர்களும் அந்த இனிமைக்காகவே இதைச் செய்வதுண்டு.

கேள்வி: நான் இருப்பது அமெரிக்காவில். இங்கே ஃபிடில் வாசிப்பவர்களோடு உட்கார அழைத்திருக்கிறார்கள். ஏ சுருதியில் வாசிப்பார்களாம். நான் எப்படித் தயாராவது?

பதில்: இரண்டாம் ஃப்ரெட்டில் கேப்போ (தந்திகளை ஒருசேர அழுத்தும் கவ்வி) போடுங்கள், ஐந்தாம் தந்தியை ஏழாம் ஃப்ரெட்டில் உள்ள சிறு ஆணியில் மாட்டி ஏவுக்கு உயர்த்துங்கள், விரல்கள் பழகிய இடங்களிலேயே இருக்கும். ஆணி இல்லையென்றால் ஐந்தாம் தந்தியை மெல்லத் திருகி ஏற்றலாம். அங்கே ஒரே மெட்டை நிறுத்தாமல் பல முறை சுற்றிச்சுற்றி வாசிப்பார்கள், அது உங்களுக்கு நல்லதே. முதல் சில சுற்றுகள் சும்மா கேளுங்கள். பிறகு மெட்டை விட்டுவிட்டு, கார்டுகளோடு ‘பம்-டிட்டி’ மட்டும் ஃபிடிலுக்குக் கீழே தாழ்ந்த ஒலியில் வாசியுங்கள். எலும்புக்கூட்டின் சுரங்கள் தெளிவாகக் காதில் விழத் தொடங்கியதும் அவற்றை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம். மெட்டைத் தொடங்கியவரின் பாதத்தின்மேல் ஒரு கண் இருக்கட்டும். அவர் காலைத் தூக்கினால் அதுவே கடைசிச் சுற்று என்று பொருள்.