மாரி மழையும் எல் நினோவும்: திருகோணமலைக் கேள்விகளுக்குப் பதில்

தம்பலகாமத்திலிருந்து: ஐயா, லா நினா வருசம் எண்டா மழை குறையும் எண்டு சொல்றாங்க. பெரும்போகத்தை எப்படிப் பாக்கிறது?

பாதி சரி. நிலநடுக்கோட்டுப் பசுபிக் கடல் வழமையைவிடச் சூடானால் எல் நினோ, குளிர்ந்தால் லா நினா. ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை எல் நினோ எங்களுக்கு மழையைக் கூட்டும், லா நினா குறைக்கும். ஜனவரிக்குப் பிறகு கணக்குத் தலைகீழ்: லா நினாவில்தான் மழை கூடும் பக்கம் சாயும். ஒக்டோபரில் மழைமேகப் பட்டை எங்கள் தலைக்கு மேல் நிற்கிறது, ஜனவரியில் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே போய்விடுகிறது. அதனால் அதே பசுபிக் கடல் இரண்டு பருவத்தில் இரண்டு விதமாக வேலை செய்கிறது.

2011 ஜனவரி, பெப்ரவரியில் கிழக்கை மூழ்கடித்த வெள்ளம் லா நினாக் காலத்தில் வந்தது. ஆகவே பயம் விதைப்பில் மட்டுமல்ல, அறுவடையிலும் இருக்கிறது. நவம்பர் நடுவில் விதைத்தால் மூன்றரை மாத நெல் பெப்ரவரிக் கடைசியில்தான் விளையும். மூன்று மாத நெல் என்றால் இரண்டு கிழமை மிச்சம். பயிரில் கதிர் உள்ளே திரளும் குடலைப் பருவம் வரும் முன்பே வடிகால் வாய்க்காலைத் துப்புரவாக்குங்கள். யூரியாவை மிஞ்சிப் போட்டால் பயிர் சாயும், சாய்ந்த பயிரில் மழை நின்றால் கதிரிலேயே முளைக்கும். காயப்போட இடத்தை முதலே பாருங்கள்: ஈரப்பதன் 14 வீதத்துக்கு இறங்காத நெல்லை மூட்டை கட்டினால் பூஞ்சணம் பிடிக்கும்.

அதே ஆள்: முதல் மழையோட புழுதி விதைப்புச் செய்யலாமா?

அவசரம் வேண்டாம். ஒக்டோபர் பின்னேரங்களில் இடியோடு பெய்வது வாடை மழையல்ல, வெயிலில் சூடேறிய நிலத்தில் எழும் மேகம். அது பெய்து முளைப்பித்துவிட்டு இரண்டு கிழமை காணாமல் போனால் முளை கருகும். இந்த இடைவெளியைப் பெரும்பாலும் மேடன்–ஜூலியன் அலைவு உண்டாக்குகிறது. 30 முதல் 60 நாளில் உலகைச் சுற்றும் மேகக் கூட்டம் அது. இந்து சமுத்திரத்துக்கு மேல் வந்தால் எங்களுக்கு மழை, பசுபிக் பக்கம் போனால் வறள். மண்ணைத் தோண்டிப் பாருங்கள், ஒரு சாண் ஆழத்துக்கு ஈரம் இறங்கியிருந்தால் விதையுங்கள்.

நிலாவெளியிலிருந்து: 2019இல் பெரிய எல் நினோ இல்லையே, பிறகெப்படி அப்படிக் கொட்டியது?

இந்து சமுத்திர இருமுனை. ஆபிரிக்கப் பக்கக் கடல் சூடாகி, சுமாத்திராப் பக்கம் குளிர்ந்தால் அது நேர் நிலை. 2019இல் அது மிகப் பலமாக இருந்தது. 2016இல் எதிர் நிலை, அந்த மாரி பொய்த்து 2017 வரை வறட்சி நீண்டது. டிசம்பரோடு இருமுனை அடங்கிவிடும், ஜனவரி மழைக்கு அதை நம்பக்கூடாது.

கிண்ணியாவிலிருந்து: அண்ணை, லா நினா எண்டா தாழமுக்கம் குறைவுதானே?

இல்லை தம்பி. வங்காள விரிகுடாச் சூறாவளிக்கு லா நினா சாதகம். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவி திருகோணமலைக்கு வடக்கே கரை கடந்தது, அதுவும் லா நினா வருடம். நவம்பர், டிசம்பரில் பருவகால எதிர்வுகூறலைப் பார்த்துக் கடலுக்குப் போகவேண்டாம். வளிமண்டலவியல் திணைக்களத்தின் அன்றன்றைய அறிவித்தலைப் பாருங்கள்.

உப்புவெளியிலிருந்து: மகள் ரொறன்ரோவில இருக்கிறா. அங்க ஸ்னோ கூடுமா எண்டும் இதை வைச்சுச் சொல்லலாமா?

ஓரளவு, அக்கா. எல் நினோ குளிர்காலம் கனடாவில் பொதுவாக மிதமானது. 2023–24 அங்கே பதிவான மிகச் சூடான குளிர்காலம். லா நினாவில் புயற்பாதை பேரேரிகளை ஒட்டி வரும், பனியோடு உறைமழையும் கலக்கும். ஆனால் ஏரிக்கு மேலால் வரும் குளிர்காற்று கொட்டும் ஏரிப்பனி வேறு கணக்கு: ஏரி நீரைவிட, ஒன்றரைக் கிலோமீற்றர் உயரத்துக் காற்று ஏறத்தாழ 13 பாகை செல்சியஸ் குளிராயிருக்கவேண்டும். அது மேற்குக் காற்றில் பஃபலோ நகரப் பக்கமும், வடமேல் காற்றில் பாரி நகரப் பக்கமும்தான் கொட்டும். ரொறன்ரோவுக்குப் பெரும்பாலும் புயல் வந்தால்தான் பனி.

அவரே: நுவரெலியாவில?

ஸ்னோ இல்லை. ஜனவரி, பெப்ரவரியில் மேகமில்லாத, காற்றில்லாத இரவுகளில் துகள் உறைபனி மட்டும். மழை குறைந்த வருடத்தில் அது கூடும், தேயிலைக் கொழுந்து கருகும்.

கந்தளாயிலிருந்து: பருவகால எதிர்வுகூறலில "சராசரிக்கு மேல் 45 வீதம்" எண்டா 45 வீதம் கூட மழையா?

இல்லை. கூட, சராசரி, குறைவு என மூன்று பெட்டி. ஒன்றும் தெரியாவிட்டால் ஒவ்வொன்றுக்கும் 33. 45 என்றால் 'கூட' பக்கம் கொஞ்சம் சாய்கிறது, அவ்வளவே. மற்ற இரண்டும் சேர்ந்து இன்னும் 55.

அவரே: வயலில எவ்வளவு பெஞ்சது எண்டு எப்படி அளக்கிறது?

நேர்ச் சுவருள்ள டப்பா போதும். சோடாப் போத்தல் என்றால் வளைந்த அடியைச் சீமெந்தால் நிரப்புங்கள், இல்லாவிட்டால் அளவு பிழைக்கும். மரத்திலிருந்து அதன் உயரத்தின் இருமடங்கு தள்ளி வையுங்கள். தினமும் காலை 8.30க்குப் பார்த்து ஊற்றிவிடுங்கள். ஒரு மில்லிமீற்றர் என்றால் ஏக்கருக்குச் சுமார் 4,000 லீற்றர்.