குளிர்கால விடுமுறையில் பிள்ளைகளை என்ன செய்ய வைப்பது? டீச்சரின் பதில்கள்

பள்ளி மூடியாகிவிட்டது. வெளியே குளிர், பொழுதும் சீக்கிரம் சாய்கிறது. வீட்டுக்குள்ளேயே பெரியவர்களும் பிள்ளைகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டிய நாட்கள். தொடக்கப் பள்ளியில் நெடுங்காலம் வேலை பார்த்தவள் என்பதால் இந்தப் பருவம் வந்தாலே என்னிடம் கேள்விகள் குவியும். வந்தவற்றில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டுப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: டீச்சர், எனக்கு ஏழு வயதில் ஒன்று, பத்து வயதில் ஒன்று. லீவுக்கு முன்பே உட்கார்ந்து பெரிய பட்டியல் போட்டேன். மூன்றாம் நாளே எல்லாம் தீர்ந்துவிட்டது. காலையில் எழுந்ததும் "அம்மா, போரடிக்குது" என்கிறார்கள். இன்னும் எதைத்தான் கண்டுபிடிப்பது?

பதில்: ஒன்றையும் கண்டுபிடிக்காதீர்கள். உங்கள் பட்டியலில் இருந்ததெல்லாம் நீங்கள் தொடங்கி, நீங்கள் நடத்தி, கடைசியில் நீங்களே பெருக்கித் துடைக்கிற வேலைகளாக இருந்திருக்கும். பிள்ளைகள் அதில் விருந்தாளிகள். விருந்தாளிக்குப் பொழுது போகாவிட்டால் வீட்டுக்காரரைத்தானே கேட்பார்?

நாளுக்கு மூன்று விஷயங்கள் மட்டும் மாறாமல் இருக்கட்டும். வெளிச்சம் இருக்கும்போது ஒரு தடவை வெளியே போவது, மதியத்தில் அவரவர் தனியாக இருக்கும் அமைதி நேரம், சாயங்காலம் எல்லோரும் சேர்ந்து ஏதாவது ஒன்று. இடையில் உள்ள நேரம் அவர்களுடையது. அட்டைப் பெட்டிகள், ஒட்டும் டேப், நூல்கண்டு, கத்தரிக்கோல், பழைய போர்வை, துணி மாட்டும் கிளிப்புகள் இவற்றைக் கண்ணில் படும் இடத்தில் வைத்துவிட்டு விலகிப் போங்கள். "போரடிக்குது" என்றால் "அப்படியா" என்று சொல்லிவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். கொஞ்ச நேரம் சிணுங்குவார்கள், சோபாவில் தலைகீழாகத் தொங்குவார்கள். பிறகு போர்வைக்கும் நாற்காலிக்கும் ஒரு வேலை வரும். அந்தச் சிணுங்கலைத் தாங்க முடியாமல் நாம் ஓடிப்போய் எதையாவது நீட்டுவதால்தான் அவர்கள் அந்தக் கட்டத்தைத் தாண்டுவதே இல்லை. அப்படியும் பின்னாலேயே வந்தால், "மடிக்க வேண்டிய துணி நிறைய இருக்கு, வர்றியா?" என்று கேளுங்கள். ஒன்று துணி மடிந்துவிடும், இல்லாவிட்டால் பிள்ளை ஓடிவிடும். இரண்டும் லாபம்.

கேள்வி: வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன், டீச்சர். மகளுக்கு ஐந்து வயது. மீட்டிங் நடுவில் வந்து மடியில் ஏறுகிறாள். விலகிப் போனால் அவள் விடுவாளா?

பதில்: ஐந்து வயது தனியாக ஒரு மணி நேரம் ஓட்டாது தம்பி, அதை எதிர்பார்த்தால் இரண்டு பேருக்கும் கோபம்தான் மிஞ்சும். வேலையில் உட்காருவதற்கு முன் ஒரு பத்து நிமிடம் போனைத் தூர வைத்துவிட்டு அவளோடு தரையில் உட்காருங்கள். அவள் சொல்கிற விளையாட்டு, அவள் சொல்கிற விதி. விளையாட்டு சூடு பிடித்ததும் நீங்கள் எழுந்தால் அது தொடரும். எழுந்த பிறகு தொடங்கச் சொன்னால் தொடங்காது. வேலை நேரத்துக்கு மட்டும் வெளியே வரும் ஒரு பெட்டி வையுங்கள். அதில் இருப்பது மற்ற நேரத்தில் கைக்குக் கிடைக்கக் கூடாது. மிக முக்கியமான மீட்டிங் என்றால் கார்ட்டூன் போட்டுவிடுங்கள். அதற்குக் குற்ற உணர்ச்சி வேண்டாம், அந்த அரை மணி நேரத்தை அதற்கென்றே சேமித்து வைத்திருந்தால் போதும்.

கேள்வி: கார்ட்டூன் என்றதும் கேட்கிறேன். ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் திரை பார்க்கலாம்?

பதில்: உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது: ஒரு வயதுக் குழந்தைக்கு வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயதுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது. பெரிய பிள்ளைகளுக்கு நான் மணிக்கணக்கை விட இடத்தையும் வேளையையும்தான் பார்ப்பேன். எழுந்தவுடன் கிடையாது, சாப்பாட்டு மேசையில் கிடையாது, படுக்கை அறையில் கிடையாது. "இன்னும் பத்து நிமிடம்" என்று சொல்லாதீர்கள், கதையின் உச்சத்தில் பத்து நிமிடம் முடியும், சண்டை வரும். "இந்த எபிசோடு முடிந்ததும்" என்று சொல்லுங்கள்.

கேள்வி: வெளியே அழைத்துப் போனால் சளி பிடிக்கும் என்று என் மாமியார் விடுவதே இல்லை. ஆறு வயதுப் பையன் நாள் முழுக்க ஜன்னலோரம் நிற்கிறான், டீச்சர்.

பதில்: மாமியாரிடம் சண்டைக்குப் போகாமல் இதைச் சொல்லிப் பாருங்கள் அம்மா. சளியைக் கொண்டுவருவது வைரஸ். மூடிய அறையில் பலர் கூடியிருப்பதுதான் அது பரவ வசதியான இடம். ஒரே தடித்த உடுப்பை விட மெல்லிய உடுப்புகளை அடுக்காகப் போடுவது நல்லது, வியர்த்தால் ஒன்றைக் கழற்றலாம். தலை, கை, பாதம் மூடியிருக்க வேண்டும். எது நனைந்தாலும் உடனே மாற்ற வேண்டும். ஆஸ்துமா இருக்கும் பிள்ளைக்கு மட்டும் குளிர்ந்த வறண்ட காற்று இழுப்பைக் கிளப்பலாம், மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வெளிச்சத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. பகலில் வெளியே அதிக நேரம் இருக்கும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வருவது குறைவு. தைவானில் 2010 முதல் பள்ளிப் பிள்ளைகளை நாளுக்கு 120 நிமிடம் வெளியே இருக்கச் செய்யும் திட்டமே நடக்கிறது.

வெளியே போய் என்ன செய்வது என்றும் கேட்பீர்கள். ஒரு குச்சியை நட்டு, நடுப்பகலில் அதன் நிழல் முனையில் கல் வைக்கச் சொல்லுங்கள். மறுநாளும் அதே நேரத்தில் அதே வேலை. வடகோளத்தில் டிசம்பர் 21, 22 வாக்கில்தான் நடுப்பகல் நிழல் மிக நீளம், பிறகு மெல்லச் சுருங்கும். பத்து வயதுப் பிள்ளைக்கு ஒரு புதிர் போடுங்கள்: பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரி முதல் வாரத்தில், ஏறத்தாழ 14.7 கோடி கிலோமீட்டர். ஜூலையில் 15.2 கோடி. அப்படியானால் ஜனவரியில் ஏன் குளிர்கிறது? விடையைச் சொல்லிவிடாதீர்கள். ஒரு பந்தும் ஒரு டார்ச்சும் கொடுத்து, பந்தைச் சாய்த்துப் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

சீக்கிரம் இருட்டுவதைக் குறையாகவே எல்லோரும் எழுதுகிறீர்கள். கோடையில் நட்சத்திரம் பார்க்கப் பிள்ளைகளைத் தூங்கவிடாமல் வைத்திருக்க வேண்டும், இப்போது சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவிலேயே வானம் தயாராக இருக்கிறது. முதலில் வேட்டைக்காரன் உருவமாகச் சொல்லப்படும் ஓரியன் நட்சத்திரக் கூட்டத்தின் இடுப்புப் பட்டையைக் கண்டுபிடியுங்கள். ஒரே கோட்டில் மூன்று நட்சத்திரங்கள், தவறவே தவறாது. பட்டைக்கு ஒரு பக்கம் செம்மையாக இருப்பது திருவாதிரை, எதிர்ப் பக்கம் நீல வெண்மையாக ரைஜல். அந்த மூன்றின் கோட்டை ஒரு திசையில் நீட்டினால் இரவு வானத்தின் மிகப் பிரகாசமான நட்சத்திரம் சிரியஸ். மறு திசையில் போனால் ரோகிணி, அதையும் தாண்டினால் கொத்தாகக் கார்த்திகை. கார்த்திகையில் எத்தனை தெரிகிறது என்று போட்டி வையுங்கள், பிள்ளைகளின் கண் நம்மைத் தோற்கடிக்கும்.

கேள்வி: அடுக்குமாடியில் சின்ன வீடு. பையன் குதித்தால் கீழ் வீட்டுக்காரர் மேலே வந்துவிடுகிறார். குதிக்காதே என்று எத்தனை தடவை சொல்வது?

பதில்: குதிக்காதே என்பதை விடக் "கரடி மாதிரி நட" என்பது வேலை செய்யும். கையும் காலும் தரையில் ஊன்றி, முட்டி படாமல் நடப்பது; சத்தமே வராது, ஐந்து சுற்றில் மூச்சு வாங்கும். தரையில் டேப் ஒட்டி அதன்மேல் தலையில் புத்தகத்தோடு நடப்பது, சுருட்டிய சாக்ஸை வாளிக்குள் எறிவது, புத்தகக் கட்டைத் தூக்கிக்கொண்டு அறைக்கு அறை போவது எல்லாம் ஓசையில்லாத வேலைகள். பலூனைத் தரையில் விழாமல் தட்டுவதும் நல்லது. ஆனால் வெடித்த பலூன் துண்டுகளை உடனே பொறுக்கிவிடுங்கள், சின்னப் பிள்ளைகளின் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். ஐந்து வயதுக்கு மேல் நாளுக்குச் சராசரி 60 நிமிடமாவது உடம்பு நன்றாக அசைய வேண்டும் என்பது பொதுவான அறிவுரை. ஒரே மூச்சில் வேண்டியதில்லை.

கேள்வி: மூத்தவளுக்குப் பதினொன்று, சின்னவனுக்கு நான்கு. ஒரே அறையில் விட்டால் ஐந்து நிமிடத்தில் அழுகை.

பதில்: ஏன் எப்போதும் ஒரே அறையில் விட வேண்டும்? மூத்தவளுக்குச் சின்னவன் கை எட்டாத ஒரு மேசை, அவன் நுழைய முடியாத ஒரு மணி நேரம், இரண்டையும் உறுதியாகக் கொடுங்கள். அது கிடைத்துவிட்டால் மீதி நேரத்தில் தாராளமாக இருப்பாள். சேர்ந்து செய்யும்போது போட்டி விளையாட்டு வேண்டாம். அவள் இயக்குநர், அவன் நடிகன். சுவரில் நிழல் நாடகம் போடட்டும்.

மூத்த பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான்களில் இரண்டை மட்டும் கண்டிப்பாகச் சரிபாருங்கள்: பொத்தான் பேட்டரி, சிறிய வலுவான காந்தக் குண்டுகள். பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்துக்குள்ளேயே கடுமையான புண் உண்டாகலாம். காந்தங்கள் இரண்டு போனால் குடல் சுவரை நடுவில் வைத்து ஒட்டிக்கொள்ளும். விழுங்கியிருப்பான் என்று சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்க வைக்காமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கேள்வி: காசு கொடுத்து கிட் வாங்காமல் செய்யக்கூடிய சோதனைகள் உண்டா? மகனுக்கு ஒன்பது வயது, எதையும் "ஏன்" என்று கேட்பவன்.

பதில்: கிட்டை விடுங்கள், காகிதமும் உப்பும் போதும்.

ஒரு நீளக் காகிதப் பட்டையின் ஒரு முனையை அரைச் சுற்று திருகி மறு முனையோடு ஒட்டுங்கள். 1858-இல் மோபியஸ் என்ற கணித அறிஞரும் லிஸ்டிங் என்பவரும் தனித்தனியே கண்டது இந்த வளையம். அதன் நடுவில் பேனாவை எடுக்காமல் கோடு போட்டால், தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும்போது கோடு இரண்டு பக்கமும் இருக்கும். இப்போது அந்தக் கோட்டின் மேலேயே வெட்டச் சொல்லுங்கள், எத்தனை வளையம் கிடைக்கும் என்று முதலில் பந்தயம் கட்டிவிட்டு. கிடைப்பது ஒன்றுதான், நீளம் இரண்டு மடங்கு. இன்னொரு வளையத்தை ஓரத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி வெட்டினால் ஒன்றோடொன்று கோத்த இரண்டு வளையங்கள்.

காகிதத்தைப் பாதிப் பாதியாக எத்தனை தடவை மடிக்க முடியும் என்றும் கேளுங்கள். ஏழோடு மாட்டிக்கொள்வான். 2002-இல் பிரிட்னி கலிவன் என்ற அமெரிக்கப் பள்ளி மாணவி ஏறக்குறைய 1.2 கிலோமீட்டர் நீளக் கழிப்பறைக் காகிதத்தை 12 தடவை மடித்துக் காட்டினார். இதைச் சொன்னால் உங்கள் வீட்டுக் கழிப்பறைச் சுருளுக்கு நான் பொறுப்பில்லை.

அடுத்து, ஒரு பனிக்கட்டித் துண்டின்மேல் ஈர நூலை வைத்து, உப்பைத் தூவி, ஒரு நிமிடம் பொறுத்து நூலைத் தூக்குங்கள். கட்டியும் சேர்ந்து வரும். உப்பு பட்ட இடத்தில் பனி கொஞ்சம் உருகுகிறது, உருகுவதற்கு வேண்டிய வெப்பத்தைச் சுற்றிலும் இருந்து எடுத்துக்கொள்கிறது, அந்தக் குளிரில் நூலைச் சுற்றிய தண்ணீர் மறுபடி உறைகிறது. பனியும் உப்பும் சரியான அளவில் கலந்தால் மைனஸ் 21 டிகிரி செல்சியஸ் வரை இறங்கும் என்பதால் அதைத் தோலில் வைத்துப் பார்க்க விடாதீர்கள்.

பனித்திவலை வெட்டுகிற பழக்கம் இருந்தால் காகிதத்தை எட்டாக மடிக்காமல் ஆறாக மடியுங்கள். நீர் மூலக்கூறுகள் உறையும்போது அறுகோணமாகத்தான் அடுக்கிக்கொள்ளும். வில்சன் பென்ட்லி என்ற விவசாயி 1885-இல் நுண்ணோக்கியையும் கேமராவையும் இணைத்துப் படமெடுக்கத் தொடங்கி 5,000-க்கும் மேற்பட்ட பனித்திவலைகளைப் படம்பிடித்தார். லெகோ இருக்கும் வீடா? எட்டுப் புடைப்புள்ள, ஒரே நிறக் கட்டைகள் ஆறு மட்டும் கொடுத்து, எத்தனை விதமாக இணைக்கலாம் என்று கேளுங்கள். கணக்குப்படி 91,51,03,765 விதம். அவன் ஒரு நாற்பதைப் படமாக வரைந்து வைக்கட்டும்.

கேள்வி: மகனுக்குப் பதினாலு. மதியம் பன்னிரண்டு மணிக்கு எழுந்து வருகிறான்.

பதில்: இந்த வயதில் உடம்புக் கடிகாரமே பின்னால் தள்ளிப் போகும், சோம்பேறி என்று திட்டாதீர்கள். 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். பள்ளி நாளை விட ஒன்று இரண்டு மணி நேரம் தாமதம் பரவாயில்லை, மதியம் வரை வேண்டாம். அவன் எழுந்தால்தான் நடக்கும் ஒரு நிஜ வேலையைக் கொடுங்கள்: வாரத்தில் ஒரு நாள் வீட்டுச் சாப்பாடு முழுக்க அவன் பொறுப்பு. ஒப்புக்கு வேலை கொடுத்தால் கண்டுபிடித்துவிடுவான்.

கேள்வி: லீவு வீட்டுப்பாடத்தை முதல் நாளே முடிக்கச் சொல்லலாமா?

பதில்: வேண்டாம். முதல் சில நாள் பையைத் திறக்கவே விடாதீர்கள். பிறகு காலையில் தினம் கொஞ்சம்.

கேள்வி: மகளுக்கு ஆட்டிசம், எட்டு வயது. பள்ளி இல்லை என்றாலே நாள் குலைந்துவிடுகிறது. எல்லோரும் "சும்மா விடுங்க" என்கிறார்கள். மேலே நீங்களும் அப்படித்தான் சொல்கிறீர்கள், டீச்சர்.

பதில்: உங்கள் வீட்டுக்கு அந்தப் பதில் பொருந்தாது அம்மா. அவளுக்கு வெற்று நேரம் நிம்மதி தராது. எழுவது, சாப்பிடுவது, குளிப்பது பள்ளி நாளின் நேரத்திலேயே நடக்கட்டும். நாளின் வரிசையைப் படங்களாகச் சுவரில் ஒட்டி, முடிந்ததை அவளே கழற்றிப் பெட்டியில் போடட்டும். விடுமுறை எப்போது முடியும் என்பதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும், தினம் ஒரு கட்டத்தை அடிக்கும் நாட்காட்டி உதவும். விருந்தாளி வரப்போகிறார் என்றால் முந்தின நாளே சொல்லி, வருபவரின் படத்தையும் காட்டுங்கள். சத்தம் தாங்காமல் போனால் அவள் ஒதுங்க ஒரு மூலை, அங்கே போனவளை யாரும் கூப்பிடக் கூடாது.

கேள்வி: பத்து வயது ஆகியும் படக்கதை மட்டும்தான் படிக்கிறாள்.

பதில்: படிக்கட்டும். ராத்திரியில் நீங்கள் வேறொன்றை உரக்கப் படித்துக் காட்டுங்கள், பத்து வயதுக்கும் அது பிடிக்கும். சுவையான இடத்தில் நிறுத்திவிட்டுப் புத்தகத்தை அவள் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துவிட்டுப் போங்கள்.

கேள்வி: பள்ளி திறக்கும்போது பழைய நேரத்துக்கு எழுப்புவது எப்படி?

பதில்: கடைசி வாரத்தில் தினமும் 15 நிமிடம் முன்னதாக எழுப்புங்கள், எழுந்ததும் திரைச்சீலையைத் திறந்து வெளிச்சம் படவிடுங்கள். தூங்கும் நேரம் தானே பின்தொடரும். தொடக்கப் பள்ளி வயதுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: உப்பு மாவில் பொம்மை செய்தோம், டீச்சர். காய்ந்ததும் எல்லாம் விரிசல். பிள்ளை அழுகிறாள், சரிசெய்ய முடியுமா?

பதில்: முடியும். கோதுமை மாவு இரண்டு பங்கு, உப்பு ஒரு பங்கு, தண்ணீர் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவு என்பது அளவு. விரிசல் பெரும்பாலும் பொம்மை தடியாக இருப்பதாலும், சூட்டருகே வைத்து அவசரமாகக் காயவைப்பதாலும்தான். அதே மாவைத் தண்ணீரில் குழைத்து விரலால் விரிசலுக்குள் அப்பி, ஹீட்டரிலிருந்து தள்ளி வைத்து, தினம் ஒரு தடவை திருப்பிப் போட்டுக் காயவிடுங்கள். அடுத்த முறை ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தடிமன் வேண்டாம். வீட்டில் நாய் இருந்தால் ஈர மாவோ காய்ந்த பொம்மையோ அதன் வாய்க்கு எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும். அத்தனை உப்பு அதற்கு நஞ்சு.