‘மை ஹஸ்பண்ட், ஷீ இஸ் டயர்ட்’ – வாசகர் கேள்வி பதில்

சீன மொழி பேசுகிறவர்களுக்குச் சாயந்திர வேளையில் ஆன்லைனில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறேன் என்று போன இதழில் போகிறபோக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். அதற்கு இவ்வளவு கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. திருவொற்றியூரிலிருந்து மண்ணடி வரைக்கும் இத்தனை பேர் இதே வேலையில் இருக்கிறார்கள், இல்லை இறங்கப்பார்க்கிறார்கள் என்பதே எனக்குப் புதுச் செய்தி. ஒரே மாதிரி கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன்.

கொருக்குப்பேட்டை வாசகி: தைவானில் இருக்கும் ஒரு அக்காவுக்கு வாரம் மூன்று நாள் ஸ்போக்கன் இங்கிலீஷ் எடுக்கிறேன். நன்றாகப் படித்தவர், இலக்கணப் பயிற்சித்தாள் கொடுத்தால் ஒரு தப்பு இருக்காது. ஆனால் வாயைத் திறந்தால் ‘மை ஹஸ்பண்ட், ஷீ இஸ் டயர்ட்’ என்கிறார், மாமியாரை ‘ஹீ’ என்கிறார். எத்தனை தடவைதான் திருத்துவது டீச்சர்?

திருத்துவதை முதலில் நிறுத்துங்கள். அவருக்கு விதி தெரியும், பயிற்சித்தாளே சாட்சி. சீனத்தில் அவன், அவள், அது மூன்றுக்கும் உச்சரிப்பு ஒன்றுதான், ‘தா’. எழுதும்போதுதான் எழுத்து மாறும். அவளுக்கென்று தனி எழுத்து பரவியதே 1920 வாக்கில்தான், லியூ பன்னோங் என்ற கவிஞர் அதற்காக வாதாடிய பிறகு. ஆக, பேசிக்கொண்டிருக்கும்போது ‘இது ஆணா பெண்ணா’ என்று நின்று முடிவு செய்யும் வேலை அவருக்குச் சின்ன வயதிலிருந்தே வந்ததில்லை, நீங்கள் நடுவில் குறுக்கிட்டால் சொல்லவந்த விஷயமும் சேர்ந்து போய்விடும், மிச்சம் பதற்றம்தான்.

நமக்கு அப்படிக் குழப்பம் வராதே என்று நினைக்கிறீர்களா? ‘டாக்டர் வந்துட்டாங்களா?’ என்று ஆஸ்பத்திரியில் கேட்கிறோமே, அந்த டாக்டர் ஆணா பெண்ணா? மரியாதை கொடுக்கும்போது நாமும் அந்தக் கணக்கை விட்டுவிடுகிறவர்கள்தான்.

நான் செய்வது இது. அவருடைய அம்மா படம் ஒன்று, அப்பா படம் ஒன்று, இரண்டையும் திரைக்கு இடமும் வலமும் ஒட்டிக்கொள்ளச் சொல்வேன். முதல் வாரம் அம்மாவைப் பற்றி மட்டும் இரண்டு நிமிஷம், அப்புறம் அப்பாவைப் பற்றி மட்டும் இரண்டு நிமிஷம். இரண்டாவது வாரம் ஒரு வாக்கியம் அம்மாவுக்கு, ஒரு வாக்கியம் அப்பாவுக்கு என்று மாற்றி மாற்றி, பேசுவதற்கு முன்னால் படத்தை விரலால் தொட்டுவிட்டுத்தான் பேசவேண்டும். பார்க்கக் குழந்தை விளையாட்டு மாதிரி இருக்கும், நாற்பது வயதுக்காரர் ஒருவர் முதலில் சிரித்தார், பத்தாவது நாளில் தொடாமலே சரியாகச் சொன்னார். தப்புகளை ஒரு காகிதத்தில் குறித்துவைத்து, வகுப்பு முடிகிற நேரத்தில் மொத்தமாகக் கொடுங்கள்.

குடும்பத்தைப் பற்றிப் பேசவைப்பதில் இன்னொரு லாபம் உண்டு. அக்கா, தங்கை, அண்ணன், தம்பி நாலு பேருக்கும் அவர்கள் மொழியில் தனித்தனிச் சொல்: ஜியேஜியே, மெய்மெய், கெகெ, தீதி. பெரியப்பா வேறு, சித்தப்பா வேறு, தாய்மாமன் வேறு. எல்லாரையும் ‘அங்கிள்’ என்ற ஒரே கோணியில் போட்டுக் கட்டுகிற இங்கிலீஷைப் பார்த்து அவர்களும் நாமும் சேர்ந்தே திகைக்கலாம். ‘மை மதர்ஸ் எல்டர் பிரதர்’ என்று விரித்துச் சொல்லப் பழக்குங்கள், உடைமையைக் காட்டும் அந்த ‘ஸ்’ தானாக ஊறிவிடும்.

எண்ணூர் வாசகர்: எங்கள் கம்பெனியில் மெஷின் மாட்டச் சீனாவிலிருந்து வந்த இன்ஜினியர் ஒருவர் ஆறு மாதமாக இருக்கிறார். சாப்பாட்டு நேரத்தில் இங்கிலீஷ் பழக்கிவிடச் சொல்கிறார். ‘எஸ்டர்டே ஐ கோ பாரிஸ் கார்னர்’ என்றுதான் பேசுகிறார். டென்ஸை எப்படி விளங்கவைப்பது? எனக்கே பன்னிரண்டு டென்ஸையும் வரிசையாகச் சொல்ல வராது.

சொல்ல வராததே நல்லது தம்பி. சீனத்தில் வினைச்சொல் உருமாறுவதே கிடையாது. போனேன், போகிறேன், போவேன் எல்லாவற்றுக்கும் ஒரே ‘ச்யூ’. நேற்று, நாளை என்ற சொல்லே காலத்தைச் சொல்லிவிடுகிறது, அப்புறம் எதற்கு வினையை வேறு வளைக்கவேண்டும் என்பது அவர் நியாயம். யோசித்தால் அதில் தப்பும் இல்லை.

வினைக்குப் பின்னால் ‘லெ’ என்று ஒன்று போடுவார்கள். அது இறந்தகாலக் குறி என்று பல பேர் சுருக்கமாகச் சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள், அவரும் ‘லெ’ வருகிற இடத்திலெல்லாம் ‘எட்’ போட ஆரம்பித்துவிடுவார். நம்மிடம் இதற்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. ‘நாளைக்குச் சாப்பிட்டுட்டு வரேன்’ என்கிறோம். ‘சாப்பிட்டு’ பார்க்க முடிந்துபோன விஷயம் மாதிரி இருந்தாலும், அது நாளைக்குச் சாப்பிடப்போகிற சாப்பாடு. ‘லெ’யும் இந்த இடத்தில் அப்படியே வரும். காரியம் முடிவதைக் காட்டுமே தவிர, அது எந்தக் காலத்தில் என்று காட்டாது.

‘குவோ’ என்று இன்னொன்று இருக்கிறது, அது உங்களுக்கு அல்வா மாதிரி. ‘ச்யூ குவோ’ என்றால் ‘போயிருக்கேன்’, அதாவது அந்த அனுபவம் உண்டு என்று பொருள். இங்கிலீஷில் ‘ஐ ஹேவ் பீன் டு பாரிஸ் கார்னர்’. மூன்று மொழியும் ஒரே கோட்டில் வந்து நிற்கிற அபூர்வமான இடம் இது, இங்கிருந்தே பிடியுங்கள்.

இன்னொன்றையும் சோதித்துப் பாருங்கள். அவருக்கு உண்மையிலேயே டென்ஸ் தெரியவில்லையா, இல்லை வாய் விழுங்குகிறதா? மாண்டரின் சீனத்தில் ஓர் அசை உயிரில் முடியும், இல்லாவிட்டால் ‘ன்’, ‘ங்’, சில சமயம் ‘ர்’ மாதிரி ஓர் ஒலியில் முடியும், அவ்வளவுதான். ‘வாக்ட்’ என்பதன் கடைசி ‘ட்’டும், ‘கேட்ஸ்’ என்பதன் ‘ஸ்’ஸும் அவர் நாக்குக்கு அந்நியம். நாம் ‘பஸ்ஸு’, ‘லைட்டு’ என்று ஓர் உகரத்தைக் கூடச் சேர்த்துத் தப்பித்துக்கொள்கிறோம், அவர்கள் கடைசி எழுத்தையே விட்டுவிட்டுத் தப்பிக்கிறார்கள். எழுதச் சொன்னால் ‘எட்’ சரியாக வருகிறதா என்று பாருங்கள். வந்தால் பிரச்சினை இலக்கணத்தில் இல்லை. ‘வாக்ட் அவே’, ‘டர்ண்ட் ஆஃப்’ என்று அடுத்த சொல்லின் உயிரோடு ஒட்டிப் பேசவையுங்கள், அப்போது அந்த ‘ட்’ எளிதாக வெளியே வரும்.

பயிற்சிக்கு வேறு புத்தகமே வேண்டாம். முந்தின நாள் மெஷினில் என்னென்ன செய்தார் என்று சர்வீஸ் நோட்டில் தினமும் ஐந்து வரி. ‘வி சேஞ்ச்ட் த பெல்ட்’, ‘வி செக்ட் த மோட்டார்’. அவருக்கு எப்படியும் அதை எழுதியாகவேண்டும், உங்களுக்கும் படித்தாகவேண்டும்.

பெரம்பூர் வாசகி: ‘ஆல்தோ இட் ரெயின்ட், பட் ஐ வென்ட்’ என்று எழுதுவதை நிறுத்தவே முடியவில்லையே?

சீனத்தில் ‘சுய்ரான்’ என்று ஆரம்பித்தால் பின்னால் ‘தான்ஷி’ வரும், ‘யின்வெய்’ என்றால் ‘ஸுவோயி’. இரட்டை மாட்டு வண்டி மாதிரி. இங்கிலீஷில் ஒற்றை மாடு. ஆல்தோ இருந்தால் பட் இல்லை, பிகாஸ் இருந்தால் ஸோ இல்லை. இரண்டில் ஒன்றைப் பென்சிலால் அடிக்கச் சொல்லுங்கள், எதை அடித்தாலும் சரிதான்.

வியாசர்பாடி வாசகர்: சீனாவில் பள்ளி முடித்துவிட்டு வெளிநாட்டில் படிக்கத் தயாராகும் பையன் ஒருவனுக்கு ரீடிங் காம்ப்ரிஹென்ஷன் எடுக்கிறேன். ஆயிரக்கணக்கான சொற்களை மனப்பாடம் செய்திருக்கிறான். ஆனால் ஒரு பத்தி கொடுத்தால் ஒவ்வொரு சொல்லுக்கும் மொபைலில் பொருள் தேடுகிறான், முடிவில் என்ன படித்தாய் என்றால் முழிக்கிறான்.

அவன் வந்த பாதையைத் தெரிந்துகொண்டால் கோபம் வராது. அங்கே கல்லூரிக்குப் போக காவ்காவ் என்ற தேர்வு, நம் பன்னிரண்டாவது பரீட்சையும் நுழைவுத்தேர்வும் ஒன்றானால் எப்படியோ அப்படி. அதில் இங்கிலீஷுக்கு 150 மார்க். சுமார் 3,500 சொல் கொண்ட பட்டியலைக் கரைத்துக் குடிக்கிறார்கள். பத்தியில் விட்ட இடங்களை நிரப்புவது, ஏழு வாக்கியத்தில் ஐந்தைப் பொறுக்கிச் சரியான இடத்தில் பொருத்துவது என்றெல்லாம் கேள்வி உண்டு. கேள்வியை முதலில் படித்துவிட்டுப் பத்தியில் விடையை வேட்டையாடுவதில் அந்தப் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். பத்தியை ஒரு கதையாகப் படிக்க அவர்களுக்கு நேரம் கிடைத்ததில்லை, அவ்வளவுதான்.

முதல் வேலை, பத்தியின் பளுவைக் குறையுங்கள். சொல்வளம் பற்றி ஆராய்ந்த ஹூவும் பால் நேஷனும் 2000-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், யார் துணையும் இல்லாமல் ஒரு கதையைப் புரிந்துகொள்ள நூற்றுக்குச் சுமார் 98 சொல் முன்பே தெரிந்திருக்கவேண்டும் என்று கண்டார்கள். அந்தக் கணக்கில் 150 சொல் உள்ள பத்தியில் தெரியாத சொல் மூன்று இருக்கலாம். நாம் என்ன செய்கிறோம், முப்பது இருக்கிற பத்தியைக் கொடுத்துவிட்டு அகராதியைத் தொடாதே என்கிறோம்.

அடுத்தது வாக்கியத்தின் உடம்பு. இதில்தான் தமிழ்க்காரரான உங்களுக்கு மற்றவர்களைவிடக் கை மேலே. ‘த மேன் ஹூ செல்ஸ் ஃபிஷ் அட் காசிமேடு இஸ் மை அங்கிள்’ என்ற வரியை எடுங்கள். தமிழில் ‘காசிமேட்டில் மீன் விற்கும் ஆள்’. விவரமெல்லாம் முன்னால், ஆள் கடைசியில். சீனத்திலும் அப்படியேதான், காசிமேடு, மீன், விற்பது எல்லாம் முதலில் வந்து, நடுவில் ‘தெ’ என்று ஒரு கொக்கி மாட்டி, கடைசியில்தான் ஆள் வருவார். இங்கிலீஷ் மட்டும் ஆளை முதலில் நிறுத்திவிட்டு விவரத்தைப் பின்னால் வால் மாதிரி இழுத்துக்கொண்டு போகிறது. வால் நீண்டால் பையனுக்குத் தலை மறந்துவிடும், ‘காசிமேடு இஸ் மை அங்கிள்’ என்று படித்துவிட்டுக் காசிமேட்டையே மாமா ஆக்கிவிடுவான். சின்ன வயதில் எனக்கும் இது நடந்திருக்கிறது, அதனால் சிரிக்கமாட்டேன்.

ஆகவே ‘ஹூ’, ‘விச்’, ‘தட்’ வருகிற இடத்தில் ஒரு வளைவுக் கோடு ஆரம்பித்து, விவரம் முடிகிற இடத்தில் மூடச் சொல்லுங்கள். கோட்டுக்குள் இருப்பதை விரலால் மறைத்துவிட்டு மிச்சத்தைப் படிக்கட்டும்: ‘த மேன் இஸ் மை அங்கிள்’. யார், என்ன ஆனார் என்பது கிடைத்துவிட்டது. அப்புறம் விரலை எடுத்துவிட்டு முழுதாக ஒருமுறை. பத்தி முடிந்ததும் கேள்வி கேட்காதீர்கள். புத்தகத்தை மூடிவிட்டு, இதைப் படிக்காத தன் பாட்டிக்குச் சொல்வது மாதிரி நாலு வரியில் சொல்லட்டும், வேண்டுமானால் முதல் தடவை சீனத்திலேயே சொல்லட்டும். உங்களுக்குப் புரியாவிட்டால் என்ன, அவன் தடுமாறுகிறானா இல்லையா என்பது முகத்திலேயே தெரியும். மொபைலுக்கு ஒரு பத்திக்கு இரண்டு தடவை மட்டும் அனுமதி கொடுங்கள், எந்த இரண்டு சொல்லுக்கு அதைச் செலவழிப்பது என்று அவன் யோசிக்க ஆரம்பிப்பதே பாதிப் படிப்பு.

மண்ணடி வாசகர்: வியாபாரத்துக்காகச் சீனாவில் இருக்கும் யீவூ என்ற மொத்தச்சந்தை ஊருக்குப் போய்வருகிறேன். அங்கே சரக்கு கொடுக்கும் கடைக்காரம்மா என்னிடம் இங்கிலீஷ் பேசிப் பழக ஆசைப்படுகிறார். என் இங்கிலீஷே அரைகுறை. நான் பழக்கலாமா?

தாராளமாக, கணக்கில் மட்டும் உஷாராக இருங்கள் பாய். அவர்கள் எண்ணுவது ‘வான்’ கணக்கில், ஒரு வான் என்றால் பத்தாயிரம். பத்து வான் நம் ஒரு லட்சம். நூறு வான்தான் ஒரு மில்லியன். அவர் மனதுக்குள் வானை மில்லியனாக்க, நீங்கள் லட்சத்தை மில்லியனாக்க, நடுவில் ஒரு சைபர் தொலைந்தால் கண்டெய்னரே தொலைந்த மாதிரி. எந்தத் தொகையானாலும் இலக்கத்தில் எழுதிக் காட்டி, அதை இங்கிலீஷில் வாசிக்கச் சொல்லுங்கள். இதைவிட நல்ல பயிற்சி உங்கள் இருவருக்கும் கிடையாது.

இன்னொரு பொறி, ‘யூ டோன்ட் ஹேவ் ஸ்டாக்?’ என்று கேட்டால் அவர் ‘எஸ்’ என்பார். ‘ஆமாம், இல்லை’ என்று அர்த்தம். ‘சரக்கு இல்லையா?’ என்றால் நாமும் ‘ஆமா, இல்ல’ என்றுதானே சொல்கிறோம், அதனால் உங்கள் இருவருக்குள் குழப்பமே வராது. மூன்றாவதாக ஒரு இங்கிலீஷ்காரர் வந்து உட்கார்ந்தால்தான் வம்பு, அவருக்கு அந்த இடத்தில் ‘நோ’ வேண்டும். கேள்வியையே ‘டூ யூ ஹேவ் ஸ்டாக்?’ என்று மாற்றிக் கேட்டுவிடுங்கள்.

சொல் பழக்குவதற்கும் நீங்கள் தோதான ஆள்தான். அவர்கள் ‘மருந்து சாப்பிடு’ என்பார்கள், நாமும் அப்படியே, இங்கிலீஷில் ‘டேக் மெடிசின்’. அவர்கள் விளக்கைத் ‘திற’ என்பார்கள், நாம் ‘லைட்டைப் போடு’ என்போம், இங்கிலீஷில் ‘டர்ன் ஆன்’. அவர்கள் எந்தப் பொருளையும் அளவுச்சொல் இல்லாமல் எண்ணமாட்டார்கள், நாம் ஒரு கட்டு கீரை, ஒரு கூறு மீன் என்கிற மாதிரி. ‘எ பீஸ் ஆஃப் அட்வைஸ்’ நம் பிள்ளைகளுக்கு விநோதமாகப் படும், அவருக்கு உடனே பிடித்துவிடும்.

தண்டையார்பேட்டை வாசகி: சீனாவில் இருக்கும் பள்ளிப்பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்தே பாடம் எடுத்தால் நல்ல சம்பளம் என்று ஒருவர் முன்பணம் கேட்கிறார். கட்டலாமா?

கட்டாதீர்கள். 2021 ஜூலையில் சீன அரசு டியூஷனுக்குக் கடிவாளம் போட்டபோது, வெளிநாட்டில் உட்கார்ந்திருக்கும் வெளிநாட்டவரை வைத்துப் பள்ளிப்பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவதை அங்குள்ள பயிற்சி நிறுவனங்களுக்குத் தடைசெய்தது. பெரியவர்களுக்கு எடுக்கலாம், தைவான், மலேசியா, சிங்கப்பூர் என்று சீனம் பேசுகிறவர்கள் வேறு ஊர்களிலும் நிறைய இருக்கிறார்கள். எங்கே எடுத்தாலும் டீச்சருக்குத்தான் பணம் வரவேண்டும், டீச்சரிடமிருந்து போகக்கூடாது. அந்த ஆள் மறுபடி போன் செய்தால் ஒரு வகுப்பை முதலில் எடுக்கிறேன், அதற்கான பணத்தை அனுப்புங்கள் என்று சொல்லிப்பாருங்கள்.